திரும்பும் தேதி

செய்தி வந்தபோது
அவர் பெயரைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.
ரூவியில் நாலு மேசை போட்ட டைப்பிங் சென்டர்,
எதிரே ஒரு பையன், புது விசா,
உறைக்குள் பட்டச் சான்றிதழ்.
கீழே வலப்பக்கம் பச்சை மை:
பங்கிராஸ் சே.ச., துணைவேந்தர்.

அரபியில் அந்தப் ‘ப’ கிடையாது.
உதட்டைக் கொஞ்சம் தளர்த்தி
கீழே ஒற்றைப் புள்ளி வைத்த
வேறோர் எழுத்தால் அவரைத் தொடங்க வேண்டும்.
பன்னிரண்டு வருஷமாய் அப்படித்தான் தொடங்குகிறேன்.

போனில் டைட்டஸ்.
“பாதர் போயிட்டாருடா. விடியக்காலைல, தூக்கத்துலயே.”
பெயருக்குப் பின்னால்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
எவ்வளவு ஆகும் அண்ணே, என்றான் பையன்.
மூன்று ரியால் என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.

இந்த வளைகுடா முழுக்க அவர் கையெழுத்து கிடக்கிறது.
சோஹார் ஆலையொன்றின் இரும்பு அலமாரியில்,
அபுதாபி ஆஸ்பத்திரியின் கோப்பில்,
எண்ணெய்க் கிணற்று முகாமில்
எவனோ ஒருவனின் தலையணைக்கடியில்.
சான்றிதழின் முதுகில் முத்திரை மேல் முத்திரை:
நோட்டரி, சென்னை, தில்லி, தூதரகம்,
கடைசியில் இந்த நாட்டின் குறுக்குவாள்.
முன்னவர் போட்டது மெய்தான் என்று
அடுத்தவர் சத்தியம் செய்கிறார்.
எல்லாருக்கும் முன்னால் நின்றவர்
ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:
இந்தப் பையன் படித்தான்.

என்னிடம் அது இல்லை.

வெள்ளிக்கிழமை இரங்கல் பூசை.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
மண்டபத்தில் ஏசி பேச்சாளரைவிடச் சத்தமாக இருந்தது.
திரையில் அவர் படம், பிறந்த வருஷம் தப்பு.
நான் சாமி கும்பிடுகிற கோயில் வேறு;
முழந்தாளிட வேண்டிய இடங்களில்
பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன்.

எளிமையானவர் என்றார் ஒருவர்.
கோபமே வராது என்றார் இன்னொருவர்.
எனக்கு இருமல் வந்தது.
மெஸ் வாசலில், சோற்றைக் கொட்டியதற்காக,
டைட்டஸ் கன்னத்தில் அவர் கை விழுந்ததை
நான் பார்த்திருக்கிறேன்.
அன்று கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தபோது
குழம்பு தீர்ந்திருந்தது.
மோர் ஊற்றிக்கொண்டார்.

பணம் கட்டாதவர் பட்டியலை ஒட்டியவரும் அவர்தான்.
ராத்திரி கிழித்தவரும் அவர்தான் என்பான் வாட்ச்மேன்.
அதை நம்பியவர் பாதிப் பேர்.

அப்போது அவர் விடுதிக் காப்பாளர்.
எனக்கு இரண்டாம் வருஷம், நவம்பர்,
அப்பா இறந்ததாகப் போன் வந்த இரவு.
வெளியே போகும் சீட்டில்
பெயர் எழுதினேன், அறை எண் எழுதினேன்,
காரணம் என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது.
சீட்டைத் தன் பக்கம் திருப்பி
அவரே எழுதினார்: வீட்டு வேலை.
திரும்பும் தேதி, பாதர்?
பேனாவை மூடிவிட்டார்.
“ஏலே, மொதல்ல போ.”

போனேன்.
கடன் இருந்தது, தங்கைகள் இருவர் இருந்தார்கள்,
பிறகு ஓர் ஏஜெண்ட் இருந்தான்.
கேட்டில் வாங்க மறந்த அந்தச் சீட்டு
பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.
மூன்று பாஸ்போர்ட் மாறிவிட்டேன்.
பச்சை இப்போது ஏறக்குறைய பழுப்பு.

வாசலில் பதிவேடு வைத்திருந்தார்கள்,
பெயர், தேறிய ஆண்டு.
நான் தயங்குவதைப் பார்த்து
டைட்டஸ் பேனாவைப் பிடுங்கி
என் பெயருக்கு நேரே
அவனுடைய வருஷத்தையே எழுதினான்.
வாய் திறந்தேன்.
காரை எங்கே விட்டோம் என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் திரும்பி வந்தான்.
மொழிபெயர்ப்பில் ஒரு பெயருக்குப் பின்னால்
இடைவெளி அதிகம் விழுந்திருக்கிறதாம்,
அமைச்சகத்தில் வாங்க மாட்டேன் என்றார்களாம்.
பார்த்தேன்.
ஏழு எழுத்துக்கு உண்டான வெற்றிடம்.
எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை.

சரி செய்து கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
அவசரத்தில் இருந்தான்.